உபதேசியார் தெரிவில் ஒழுக்கமும் இரக்கமும்: தரங்கம்பாடி முதல் மேல்பட்டாம்பாக்கம் வரை

1. தோற்றுவாய்

சமயத் தொண்டிற்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் இடத்து இரண்டு அறங்கள் தம்முள் மாறுபடுவன போலத் தோன்றுகின்றன. தொண்டன் குற்றமற்றவனாய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. குற்றம் செய்தாரையும் ஏற்று வாழ்விப்பதே அச்சமயத்தின் உயிர்நிலை என்பது மற்றொன்று. முன்னதை மட்டும் பற்றி நின்றால் தொண்டு செய்வார் எவரும் கிடையார். பின்னதை மட்டும் பற்றி நின்றால் தொண்டு பெறுவார்க்குக் காவல் இராது. இம்முரண்பாட்டைத் தமிழகத்துக் கிறித்தவத் திருச்சபை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்திகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்குரிய களம் பெரும்பாலும் சோழநாடும் அதன் வடபால் உள்ள நடுநாடுமாகும். முதல் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைக் குருவானவர் பிறந்த கடலூரும், தொண்டர் தெரிவு பற்றிய பூசலின் விளைவாக ஒரு புதிய அருட்பணிக் களம் தோன்றிய மேல்பட்டாம்பாக்கமும், இந்நாளில் பல ஊர்க் கிறித்தவரும் கூடி வாழும் நெய்வேலி நகரியமும் ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளமை கருதத்தக்கது.

2. தமிழ் மரபில் தெரிவு

கிறித்தவம் இந்நாட்டிற்கு வருமுன்பே தெரிவு பற்றிய சிந்தனை தமிழரிடத்து நன்கு வளர்ந்திருந்தது. வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை இதற்கென்றே வகுத்துள்ளார். எத்துணைக் கற்றாரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை சிறிதும் இல்லாமை அரிது என்பது அவர் கண்ட உண்மை. ஆதலின் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே எடை போட்டு, மிகுந்தது எதுவோ அதுகொண்டு துணிக என்கிறார். ஒருவருடைய உயர்வையும் தாழ்வையும் உரைத்துப் பார்க்கும் கல் அவரவர் செயலே என்பதும் அவர் கருத்து. அதே அதிகாரத்தில் குடிப்பிறப்பும் ஒரு தகுதியாகச் சுட்டப்படுகிறது என்பதை நாம் மறைத்தற்கில்லை. பிறப்பும் செயலும் அருகருகே நிற்கும் இந்நிலை பிற்காலத்தும் தொடர்ந்தது. இனி, கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில், மேற்கொண்ட கடமை கெடாதவாறு இரக்கம் காட்ட வல்லவரையே அவர் சிறப்பிக்கிறார். நம் ஆராய்ச்சிக்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் பிறிதில்லை எனலாம்.

வாழ்வியற் சான்றாக நிற்பது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரண்டு கல்வெட்டுக்களும் ஊர் வாரியங்களுக்குக் குடவோலை வழி உறுப்பினரைத் தெரியும் முறையைக் கூறுவன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி உறுப்பினர் 35 வயதுக்கு மேற்பட்டும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும்; வரிசெலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராதல் வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவர்தம் உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும், பெரும்பாவங்கள் செய்தவரும் விலக்கப்பட்டனர்.

இவ்விலக்குப் பட்டியலில் ஒரு கூறு நம் கருத்தைக் கவர்கின்றது. தகாத செயல்களைச் செய்து, பின்னர் முறைப்படி கழுவாய் செய்து தூய்மையடைந்தோரும் தம் வாழ்நாள் முடியும் வரை குடவோலைக்கு உரியரல்லர் என்று அச்சபை விதித்தது. அவர்கள் தூய்மையடைந்ததைச் சபை மறுக்கவில்லை. ஆயினும் தூய்மை பெறுதல் வேறு, பொறுப்புக்கு உரியராதல் வேறு என்பது அதன் துணிபு. மன்னிப்பும் பதவியும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாடு தமிழ் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பெற்றுவிட்டது.

3. மேலைத் திருச்சபையின் பழைய வழக்கு

இதே வினா மேலைநாட்டுத் திருச்சபையில் மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. உரோமப் பேரரசின் துன்புறுத்தலுக்கு அஞ்சி நம்பிக்கையை மறுதலித்தோர் பின்னர் மனம் வருந்தித் திரும்பினர். அவர்களை மீண்டும் சேர்த்தல் ஆகாது என்றார் நொவேசியன். கார்த்தேஜ் நகர ஆயராய் இருந்து கி. பி. 258இல் உயிர்நீத்த சிப்ரியான், மனந்திரும்பியோரைச் சபையில் ஏற்கலாம் என்றார். ஆனால் மறுதலித்தவர் ஆயராகவோ குருவாகவோ இருந்திருப்பின் அவரைப் பொதுநிலையினராக ஏற்பதன்றி, பழைய பதவியில் அமர்த்துதல் கூடாது என்பதும் அவர் கொள்கை. உத்தரமேரூர்ச் சபையின் முடிவோடு இது ஒருபுடை ஒத்திருத்தல் காண்க.

நான்காம் நூற்றாண்டில் தொனாத்தியர் எழுப்பிய வழக்கு இதனின் வேறானது. வேதநூல்களைப் பகைவரிடம் ஒப்படைத்தவர் கையால் பெற்ற திருப்பட்டம் செல்லாது என்றனர் அவர்கள். கி. பி. 314இல் ஆர்ல் நகரிற் கூடிய சங்கமும், பின்னர் அகுஸ்தீனாரும் இக்கருத்தை மறுத்தனர். அருட்சாதனத்தின் பயன் அதனை வழங்குவோரின் தூய்மையைச் சார்ந்ததன்று என்பது அகுஸ்தீனார் கோட்பாடு. இக்கோட்பாடு, தொண்டு பெறுவார் தொண்டனுடைய குற்றத்தால் இழப்புறாதவாறு காக்க எழுந்தது. குற்றமுடையானைத் தெரிந்தெடுக்கலாம் என்பதற்கு இதனை ஆதாரமாகக் காட்டுவது அதன் பொருளைத் திரித்தலாகும்.

விவிலியத்திலும் இரு பக்கமும் சான்று உண்டு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம், கண்காணியானவர் குற்றஞ்சாட்டப்படாதவராகவும், புதிதாய்ச் சேர்ந்தவரல்லாதவராகவும், புறம்பேயுள்ளவரிடத்தும் நற்சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. மறுபுறம், மும்முறை மறுதலித்த பேதுருவே மந்தையை மேய்க்கும் பொறுப்பை மீளப் பெறுகிறார். பயணத்தின் நடுவே பிரிந்து சென்ற மாற்குவை மறுமுறை உடன் அழைத்துச் செல்லப் பவுல் மறுத்தார். பர்னபா அவரை ஏற்றார். பின்னாளில் பவுலே அவரைத் தம் ஊழியத்திற்குப் பயனுள்ளவர் என்று குறித்தார். ஆதலின் வாழ்நாள் முழுதும் விலக்கு என்னும் உத்தரமேரூர் விதியைத் திருச்சபை அப்படியே தன் விதியாகக் கொள்ளுதற்கில்லை. கொள்ளத்தக்க வேறு நெறி யாது என்பதே தமிழகத்தில் எழுந்த வினா.

4. உபதேசியார் என்னும் தொண்டர்

கி. பி. 1706, சூலை 9ஆம் நாள் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு 1719இல் மறைந்தார். ஐரோப்பியக் குருமார் எண்ணிக்கையில் மிகச் சிலர். தஞ்சை அரசின் எல்லைக்குள் அவர்கள் உரிமையோடு நடமாடுதலும் அரிது. ஆதலின் ஊர்தோறும் சென்று போதித்தலும், நோயுற்றாரைக் காணுதலும், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்தலும் தமிழ் உபதேசியார்கள் கையிலேயே இருந்தன. மக்கள் அறிந்த கிறித்தவம் உபதேசியார் வாழ்ந்து காட்டிய கிறித்தவமே.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் நிலை இதுவே. அங்கு இத்தொண்டரை வேதியர் என்று வழங்கினர். ஏலாக்குறிச்சியில் இருந்து பணியாற்றிய வீரமாமுனிவர் 1727இல் இயற்றிய உரைநடை நூலுக்கு வேதியர் ஒழுக்கம் என்று பெயரிட்டார். வேதியர்க்குரிய இலக்கணம் ஒழுக்கமே என்பதனை நூற்பெயரே உணர்த்துகிறது. தமிழ் உரைநடை வரலாற்றில் சிறப்பிடம் பெறும் அந்நூல், தொண்டர் தெரிவும் பயிற்சியும் அக்காலத் திருச்சபைக்கு எத்துணை இன்றியமையாதனவாய் இருந்தன என்பதற்கும் சான்றாகும்.

5. ஆரோனும் இராசநாயக்கனும்

கடலூரில் வேளாளர் குடியிற் பிறந்து 1718இல் திருமுழுக்குப் பெற்றவர் ஆரோன். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பல்லாண்டு பணியாற்றிய பின்னர், 1733, திசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடிப் புது எருசலேம் ஆலயத்தில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபை அளித்த முதற் குருப்பட்டம் இதுவே. மாயவரத்தைச் சூழ்ந்த ஊர்களிற் பணியாற்றி 1745இல் மறைந்தார். அவர் தெரிவில் காலம் ஓர் அளவுகோலாய் அமைந்தது. திருமுழுக்குக்கும் பட்டத்திற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாவது தமிழ்க் குருவைத் தெரியும் காலம் வந்தபோது சிக்கல் எழுந்தது. உபதேசியார்களுள் புகழ்பெற்று விளங்கியவர் இராசநாயக்கன். இவர் தஞ்சை மன்னர் படையிற் பணிபுரிந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சிடப்பெற்ற தமிழ் விவிலியப் பகுதியைக் கற்று அதனால் ஈர்க்கப்பட்டுச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். தஞ்சைப் பகுதியில் எதிர்ப்புக்களுக்கிடையே உழைத்து, 1771இல் மறையும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உபதேசியாராகவே இருந்தார். அவருடைய திறமையையும் உறுதியையும் குருமார்கள் அறிந்திருந்தனர். எனினும் 1741இல் குருப்பட்டம் பெற்றவர் தியோகோ என்பவரே. இராசநாயக்கன் பறையர் சமூகத்திற் பிறந்தவர் என்பதே அவர் விலக்கப்பட்டதற்குக் காரணம். அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற உயர்குலக் கிறித்தவர் தயங்குவர், அவரைத் தம் இல்லங்களுக்குள் விடார், புறச்சமயத்தாரிடைத் திருச்சபையின் மதிப்புக் குன்றும் என்று குருமார்கள் கருதினர்.

இம்முடிவில் மூன்று கூறுகள் ஆராயத்தக்கன. முதலாவது, இராசநாயக்கனிடத்து ஒழுக்கக் குறை எதுவும் சுட்டப்படவில்லை. இரண்டாவது, புறம்பேயுள்ளவரிடத்து நற்சான்று என்னும் பவுலின் அளவுகோல் இங்கு இடம்மாறிப் பயன்பட்டது. ஒருவன் செய்த செயல் பற்றி அயலார் கூறும் சான்று வேறு, அவன் பிறப்புப் பற்றி அயலார் கொண்ட எண்ணம் வேறு. முன்னதைக் கேட்க வேண்டிய இடத்தில் பின்னதைக் கேட்டனர். மூன்றாவதே மிகவும் கருதத்தக்கது. இங்கும் ஓர் இரக்கம் தொழிற்பட்டது. நம்பிக்கையில் வலுவற்றோரைத் தாங்க வேண்டும் என்னும் நெறியை ஒட்டி, சாதி எண்ணத்தை விட மாட்டாத கிறித்தவர்பால் பொறுமை காட்டப்பட்டது. ஆனால் அப்பொறுமைக்குரிய விலையைக் கொடுத்தவர் பொறுமை காட்டியவருமல்லர், அதனைப் பெற்றவருமல்லர், இராசநாயக்கனே கொடுத்தார். ஒருவர்பால் காட்டும் இரக்கத்தின் செலவை மற்றொருவர் தலையில் ஏற்றுவது கண்ணோட்டமாகாது.

அக்காலக் குருமார்களைக் கடிந்துரைத்தல் எளிது. அவர்கள் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறிய சபை, அயல் அரசின் எல்லையில் நிலையற்ற இருப்பு, ஒரு தெரிவால் சபையே பிளவுறலாம் என்னும் அச்சம். இவை பொய்யல்ல. ஆயினும் அச்சத்தால் எடுத்த முடிவு ஒழுக்கத்தின் பெயரால் வழங்கியபோது, பின்வந்தோர்க்கு அதுவே மரபாயிற்று என்பதும் பொய்யன்று.

6. கிளாரிந்தா

பாளையங்கோட்டைச் செய்தி வேறு வகையானது. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண் ஒருவர், லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்து வந்தார். அவர் திருமுழுக்குக் கேட்டபோது, அவ்வாழ்க்கை தொடரும் வரை அளித்தற்கில்லை என்று சுவார்ட்சு ஐயர் மறுத்தார். லிட்டில்டன் மறைந்த பின்னர், 1778இல் அதே சுவார்ட்சு அவருக்குத் திருமுழுக்களித்தார். கிளாரிந்தா என்பது அவர் பெற்ற பெயர்.

அவர் இழிவு சுமந்து ஒதுங்கி நிற்கும் நிலையில் வைக்கப்படவில்லை. 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பெயர்களுள் அவர் பெயரே தலைமையிடம் பெற்றது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் சுவார்ட்சு ஐயரால் அருட்பொழிவு செய்யப்பெற்றது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் அதனை வழங்குவர். அச்சபையைப் பேண அனுப்பப்பெற்ற உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாற்றில் கிளாரிந்தாவின் தொண்டை நீக்கிப் பார்த்தல் இயலாது. அ. மாதவையா 1915இல் அவர் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு புதினம் எழுதியமையும் அறிஞர் அறிவர்.

இங்கு ஒழுக்கமும் இரக்கமும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. காலத்தால் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. நிலை மாறுமுன் விதி பேசியது. நிலை மாறியபின் விதி மீண்டும் மீண்டும் பழமையைக் கிளறவில்லை. மேலும், மறுக்கப்பட்டது அவரது செயலை முன்னிட்டே அன்றிப் பிறப்பை முன்னிட்டன்று. ஆதலின் அத்தடை நீங்கத்தக்கதாய் இருந்தது. இராசநாயக்கனுக்கு விதிக்கப்பட்டதோ, அவர் எத்துணை உழைப்பினும் நீக்க இயலாத தடை. நீக்கிக்கொள்ள வழியுள்ள தடையே ஒழுக்க விதி எனப்படும். வழியற்ற தடைக்கு வேறு பெயர் உண்டு.

மறுபக்கத்தையும் கூறுதல் முறை. இவ்வுறவில் ஆங்கில அதிகாரியும் பங்காளி. திருச்சபையின் வாயிலில் நின்று காத்திருந்தவரோ பெண் ஒருவரே. ஒழுக்க விதியின் சுமை இருபாலார்மேலும் ஒப்ப விழவில்லை என்பதைப் பின்னாளைய ஆராய்ச்சியாளர் நினைவிற் கொள்ளுதல் தகும்.

7. ஒரு வேளை உணவு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கு எதிர்த்திசையில் திரும்பியது. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை திருச்சபையினின்று உடனே முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு நீங்கினர். சாதி சமூக வழக்கமேயன்றிச் சமயக் கொள்கையன்று என்னும் கருத்தைத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் உறுதியாகப் பற்றி நின்றார். 1850இல் சென்னை அருட்பணியாளர் மாநாடு சாதி பற்றித் தீர்மானம் ஒன்றை வகுத்தது. பிற குலத்தாரோடு உண்ண ஒருப்படுதலே சாதியை விட்டமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

லைப்சிகு அருட்பணிக் கழகத்தார் இதற்கு உடன்படவில்லை. அக்கழகத் தலைவரான கார்ல் கிரௌல் தமிழ் கற்றுத் திருக்குறளை ஆராய்ந்த அறிஞர். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் இருந்து நேரிற் கண்டவர். உள்ளம் மாறுதலைக் கட்டளையால் விளைவித்தல் இயலாது, பொறுத்திருந்து வளர்த்தல் வேண்டும் என்பது அவர் நிலை. அக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஓக்சு இதனை ஏற்கவில்லை. குருப்பட்டத்திற்குரிய தமிழர் தம்மோடு அமர்ந்து உண்டு, சாதியை விட்டமையைக் காட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பூசல் முற்றியது. ஓக்சு கழகத்தை விட்டு நீங்கித் தென்னார்க்காட்டுப் பகுதியில் மேல்பட்டாம்பாக்கத்திற் புதிய பணித்தலம் ஒன்றை அமைத்தார். 1860களில் தேனியக் கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் இதுவேயாகும்.

உணவைச் சோதனைக்கல்லாக வைத்தமைக்கு வேதச் சான்று உண்டு. அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்ணுதலினின்று பேதுரு விலகியபோது பவுல் அவரை நேருக்கு நேர் கடிந்துகொண்டார் எனக் கலாத்தியர் திருமுகம் கூறும். ஆயின் ஓக்சின் முறையிலும் ஒரு குறை இருந்தது. பதவி கிடைக்காது போகும் என்னும் அச்சத்தால் ஒரு வேளை உண்பவன் மனம் மாறியவன் ஆகான். அன்று உண்ணத் தயங்கியவன் என்றும் மாறாதவனும் ஆகான். கிரௌலின் பொறுமையிலும் குறை இருந்தது. சாதி வேற்றுமையைப் பாராட்டும் குருவின்கீழ் வாழும் எளிய குலத்துக் கிறித்தவன், அக்குருவின் உள்ளம் கனியும் வரை காத்திருக்க வேண்டியவன் ஆகிறான். பொறுமை காட்டுவோன் தன் பொழுதைத் தருகிறான்; காத்திருப்போன் தன் வாழ்நாளைத் தருகிறான்.

8. தெளிபொருள்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு.

முதலாவது, சபையில் ஏற்றல், தொண்டில் ஈடுபடுத்தல், தலைமை அளித்தல் என்னும் மூன்றும் வேறு வேறு. முதலாவதில் இரக்கத்திற்கு எல்லை வகுத்தல் ஆகாது. மூன்றாவதில் அளவுகோல் இன்றியமையாதது. இடைப்பட்ட தொண்டில் காலமே நடுவர். மாற்கு மீண்டும் ஏற்கப்பட்டமையும், ஆரோனுடைய பதினைந்து ஆண்டும், கிளாரிந்தாவின் காத்திருப்பும் இதனை வலியுறுத்தும். பேதுருவின் மீட்சியால் கதவு என்றும் அடைபட்டதன்று என்பதும் விளங்கும்.

இரண்டாவது, அளவுகோல் செயலைப் பற்றியதாதல் வேண்டும். பிறப்பு, அயலார் மதிப்பு, சபையின் பெயர் என்பன ஒழுக்கத்தின் உடையணிந்து உட்புகும்போது அவற்றை அடையாளம் காணுதல் தெரிவோர் கடமை.

மூன்றாவது, யார்பால் இரக்கம் என்னும் வினாவோடு, அதன் விலையை யார் தருவார் என்னும் வினாவையும் உடன் கேட்டல் வேண்டும். பிழைத்தவனுக்குப் பொறுப்பை மீளக் கொடுக்குமிடத்து, அவன் பொறுப்பில் விடப்படும் சிறுவரும் எளியவரும் அதனால் இடருறுவரோ என்று பாராதது இரக்கமன்று, அயர்வு. எசேக்கியேல் தீர்க்கதரிசி மேய்ப்பரைக் கடிந்தது மந்தையை முன்னிட்டே என்பது நினைக்கத்தக்கது.

இவை பழங்கதையாய் முடிந்தனவல்ல. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர், நெய்வேலியில் வட்டம் வட்டமாக வகுத்தெடுக்கப்பெற்ற நகரியத்தில் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் குடியேறினர். தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்ச் சபைகள் போன்றவை அல்ல இத்தகைய தொழில் நகரச் சபைகள். ஞாயிறு பள்ளி ஆசிரியரையோ சபைக் குழுவினரையோ தெரியுமிடத்து, வந்தவர் கொணரும் கடிதமும் அவர் இங்கு வாழும் வாழ்வுமே சான்று. பழைய ஊர்களில் குலம் அறிந்தமை தீங்காயிற்று. புதிய நகரில் செயல் அறியாமை தீங்காகலாம். இரண்டிற்கும் மருந்து, விரைந்து விலக்காமையும் விரைந்து தெளியாமையுமே. குணமும் குற்றமும் நாடிக் காலம் கொடுத்துத் தெரிந்தெடுக்கும் சபை, இராசநாயக்கனைப் போன்றாரை இழவாது. கிளாரிந்தாவைப் போன்றாரைத் தள்ளாது. தன்னை நம்பி வந்த எளியாரையும் கைவிடாது.